கல்லுக்கும் கிரவுனுக்கும் நடுவே

கோவையில் அந்த ஷோரூமுக்குள் கால் வைத்த நிமிடத்திலிருந்தே எனக்கு எரிச்சல்தான். வண்டி வாங்க வந்தவள் நான். ஓட்டப் போகிறவள் நான். இருபது வருடமாக டிராக்டரும் லோடு வண்டியும் ஓட்டிக் கை காய்த்துப் போனவளும் நான்தான். கழுத்தில் டை கட்டிய அந்த விற்பனையாளரோ என் தம்பியைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். தம்பி சூலூரில் பத்துத் தறி போட்டு ஓட்டுகிறவன். வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பெட்ரோல் பங்கில் கூட்டம் குறைச்சல் என்பது மட்டுமே. "அக்காகிட்டக் கேளுங்க, அக்காகிட்டக் கேளுங்க" என்று அவன் மூன்று தடவை கை காட்டியும் அந்த மனிதரின் கழுத்து என் பக்கம் திரும்பவில்லை. சுளுக்கோ என்னவோ.

"ஏனுங்க, நான் இங்கதானுங்க நிக்கறேன்" என்றேன்.

அப்புறம்தான் திரும்பினார். "மேடம், இதுதான் எங்க டாப் மாடல். ஃபேக்டரியிலயே ஆஃப் ரோடு சஸ்பென்ஷன் போட்டு வருதுங்க. சாதா மாடலை விட ஒன்றரை இஞ்ச் ஒசரம். காடு, மலை, ஆறு, எங்க வேணும்னாலும் எறக்கலாம்."

"மலையெல்லாம் வேண்டாங்க. எங்க இட்டேரியில ஒரு கல்லு இருக்குது. அதைத் தாண்டுமான்னு சொல்லுங்க, போதும்."

அவர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் தோட்டம் கோபிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர இட்டேரி ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற மண் தடம். பாதித் தூரத்தில் என் கணவருடைய அண்ணனின் வீடு. அந்த வீட்டு வாசலுக்கு நேராக, இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில், அந்தக் கல். பாகம் பிரித்து நிலம் அளந்த வருடத்தில், வாய்ச்சண்டை முற்றி இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோன மழைக்காலத்தில், ஒரு நாள் காலையில் பார்த்தால் கல் அங்கே உட்கார்ந்திருந்தது. போட்டது அண்ணன்தான் என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எடுத்துப் போட வேண்டியதுதானே என்று யாராவது கேட்டால் என் கணவரிடம் ஒரே பதில்தான்: "நம்ம எடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

எதை ஒத்துக்கொண்ட மாதிரி? கல் போட அவருக்கு உரிமை இருந்தது என்பதையா? இட்டேரி அவர் பாகத்தில் இருக்கிறது என்பதையா? கேட்டால் விளக்கம் வராது, முறைப்புதான் வரும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நானும் அதையே சொல்லப் பழகிவிட்டேன். சொந்தக்காரர் கேட்டாலும் பால்காரர் கேட்டாலும், "எடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க." எங்கள் லோடு வண்டி அந்த இடம் வந்ததும் இடது சக்கரத்தை வேலிக் கரை மேல் ஏற்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல்லைச் சுற்றிக் கடக்கும். வாழைத்தார் ஏற்றிய வண்டி சாயும்போது தார்களுக்கு அடிபடும். அடிபட்ட தாருக்கு விலை படியாது. அதையும் பொறுத்துக்கொண்டோம். அத்தனை ரோசம்.

போன சித்திரையில் என் கணவர் மோட்டார் ரூம் கூரையில் ஷீட் மாற்றப் போய், வழுக்கிக் கீழே விழுந்தார். முதுகில் நரம்பு நசுங்கிவிட்டது. கோவையில் ஆபரேஷன் முடிந்து, பத்து நாள் கழித்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இடது பாதம் மேலே தூக்க வராமல் தொங்குகிறது, நரம்பு முழித்துக்கொள்ள முதல் இரண்டு மாதம்தான் முக்கியம், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து தன் கண் முன்னால் பயிற்சி நடக்க வேண்டும், வரும் வழியில் முதுகு குலுங்கவே கூடாது என்றார். "இந்த ரெண்டு மாசத்தை உட்டுட்டா அப்புறம் என்னால ஒன்னும் பண்ண முடியாதும்மா" என்றார். இதற்கு மேல் ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்?

அன்றைக்குத் தம்பியின் காரில்தான் வீட்டுக்கு வந்தோம். கல்லுக்கு மேல் கார் ஏறியதும் அடியில் ஒரு சத்தம். ஆயில் சேம்பர் கிழிந்து எண்ணெய் முழுதும் மண்ணில் கொட்டிவிட்டது. பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்திருந்த மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தார். கடைசியில் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து, நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனோம். அண்ணன் வீட்டு வாசலில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை.

வீட்டில் கட்டிலை இறக்கியதும் அவர் சொன்னார்: "இன்னொருக்கா என்னைய இப்படித் தூக்கக் கூடாது. அவனுங்க பாக்க நான் படுத்துட்டுப் போறது இதோட செரி. இந்தத் தடத்துல இனி நான் உக்காந்துதான் போவேன்."

சூலூரில் தம்பி வீட்டில் இரண்டு மாதம் தங்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "மச்சினன் ஊட்ல போயிப் படுத்துக்கறதா?" என்றார். தார் ரோடு வரைக்குமாவது கட்டிலில் போகலாம், அங்கே கார் நிற்கட்டும் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லித் தர ஒருவரைப் பிடித்தேன். அவர் இரண்டு நாள் வந்துவிட்டு, கரண்டு கொடுக்கிற மெஷின் இல்லாமல் இது நடக்காது, ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போங்கள் என்று நின்றுகொண்டார். எங்கள் லோடு வண்டியோ காலியாக ஓட்டினால் துள்ளும். லோடுக்காகப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள் அவை, மனிதருக்காகப் போட்டவை அல்ல. எங்கள் பக்கத்து வழக்கப்படி பின்னால் எட்டு மணல் மூட்டை போட்டுப் பார்த்தேன். துள்ளல் அடங்கியது. ஆனால் வண்டி அமுங்கிப் போய் சைலன்சர் கரையில் இடித்தது, கல்லுக்காகச் சாய்கிற சாய்ப்பும் அப்படியே இருந்தது. சாய்ந்தால் முதுகு முறுக்கும். ஆக, குலுங்காத வண்டி வேண்டும், சாயாமல் கல்லுக்கு நேர் மேலே போகிற உயரம் வேண்டும். இப்படித்தான் நான் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியது.

ஆசாரியிடம் இருந்து அளவு டேப்பை வாங்கிப் போயிருந்தேன். சக்கரத் தடத்திலிருந்து கல்லின் உச்சி வரைக்கும் எட்டே முக்கால் இஞ்ச். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். முதல் ஷோரூமில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த விற்பனையாளரிடம் ஒரு அட்டைப் பெட்டி கேட்டேன். எதற்கு என்று விழித்தார். வாங்கி, பிரித்து, தரையில் விரித்து, சேலையைச் செருகிக்கொண்டு அந்த டாப் மாடலுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஷோரூமே திரும்பிப் பார்த்தது. தம்பி வாசலுக்குப் போய் போன் பேசுகிற மாதிரி நின்றுகொண்டான்.

சஸ்பென்ஷன் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சாதா மாடலில் இருப்பதை விட ஷாக் அப்சார்பர் இரண்டு விரல் தடிமன். ஸ்பிரிங் நீளம். அடியில் இரும்புத் தகடு. ஆனால் பின் அச்சுக்கு நடுவில் பானை மாதிரி தொங்குமே கிரவுன், வண்டிக்கு அடியில் எது முதலில் கல்லில் இடிக்குமோ அது, தரையிலிருந்து எவ்வளவு உயரம்? டேப்பை வைத்தேன். ஒன்பதே கால். எழுந்து போய் சாதா மாடலுக்கு அடியில் படுத்தேன். அங்கே எட்டே முக்கால். கல்லும் அதே எட்டே முக்கால்.

"ஒன்றரை இஞ்ச் ஒசரம்னீங்களே, எங்கீங்க அது?"

"மேடம், பாடி ஒசரம் ஒன்றரை இஞ்ச் கூடுதல். புத்தகத்துல பாருங்க."

"பாடி மேல போனா எனக்கென்னங்க? அச்சு மேல போச்சா? ஸ்பிரிங்கை நீட்டினா அச்சுக்கு மேல இருக்கறதுதான் தூக்கும். கிரவுனு அங்கியேதான் தொங்குது. டயரு பெருசாப் போட்டதால அரை இஞ்ச் கெடச்சிருக்குது, அவ்வளவுதான். மீதி ஒரு இஞ்ச்சை எவந்தலையில கட்டறீங்க?"

அவர் கையில் இருந்த புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார், அதை மட்டும் சொல்ல வேண்டும். பாவம், அவருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லித்தான் இந்த ஊரில் எல்லா வியாபாரமும் நடக்கிறது. எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மனிதன் நடப்பானா மாட்டானா என்று நான் இஞ்ச் கணக்கில் அலைகிறேன், இவர்கள் உயரத்தை அழகுக்கு விற்கிறார்கள்.

இப்படி மூன்று ஷோரூம். ஓர் இடத்தில் வண்டி மெத்தென்று இருந்தது, கல் இடிக்கும். இன்னோர் இடத்தில் கல் இடிக்காது, ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்தால் எங்கள் லோடு வண்டியின் தம்பிதான். சுற்றிச் சுற்றிக் கடைசியில் முதலில் பார்த்த டாப் மாடலுக்கே வந்தேன். ஓட்டிப் பார்க்க ஷோரூமுக்குப் பின்னால் செயற்கை மேடு ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். அதெல்லாம் வேண்டாம், எங்கள் இட்டேரிக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று அடம் பிடித்தேன். அதற்கு மேலதிகாரி ஒத்துக்கொள்ள ஒரு வாரம். ஒரு வாரம்! அங்கே அவர் பாதம் கட்டிலின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டி வந்த அன்று, என் கணவரின் இடுப்புப் பெல்ட்டை நான் கட்டிக்கொண்டு அவர் உட்காரப் போகிற இடத்தில் உட்கார்ந்தேன். தம்பியை ஓட்டச் சொன்னேன். கல்லுக்கு மேல் வண்டி அலுங்காமல் போனது. இறங்கி வந்து குனிந்து பார்த்தேன், கல்லுக்கும் கிரவுனுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட வந்திருந்த விற்பனையாளர் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இந்தக் கல்லை எடுத்துப்போட்டா சாதாக் காரே வருமுங்களே?"

"நீங்க வண்டி விக்க வந்தீங்களா, பஞ்சாயத்துப் பண்ண வந்தீங்களா?" என்று பாய்ந்தேன். அண்ணன் வீட்டு வாசலில் அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டுமென்றே குரல் உயர்ந்தது. "இந்தக் கலர்லயே குடுத்துருங்க" என்று அவர் காதில் விழுகிற மாதிரிச் சொன்னேன்.

அந்தக் கலர் வர நான்கு வாரம் ஆகும் என்றார்கள். காத்திருந்தோம். விலையைச் சொல்லி என் வயிற்றெரிச்சலை நானே கிளப்பிக்கொள்ள மாட்டேன். அந்த நான்கு வாரமும் தினம் காலையில் நான் அவர் பாதத்தைக் கையில் பிடித்து மேலே தூக்குவேன், விட்டதும் தொப்பென்று விழும். "வண்டி வந்துரட்டும் அம்மணி, எல்லாம் செரியாப் போகும்" என்பார். மொத்தம் ஏழு வாரம் போய்விட்டது.

வண்டி வந்தது. வாசலில் நிறுத்தினேன். அவரை நடத்திக் கொண்டுவந்து கதவைத் திறந்தால், ஏறும் படி அவர் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அரை இஞ்ச், கால் இஞ்ச் என்று அளந்தவள், தூக்க முடியாத பாதத்தோடு ஒரு மனிதர் மேலே ஏற வேண்டுமே என்பதை அளக்கவில்லை. எனக்கு அங்கேயே மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எந்த ஒன்றரை இஞ்ச் எனக்குப் பிரயோசனமில்லை என்று ஷோரூமில் கத்தினேனோ, அதுவும் சேர்ந்து அவர் காலுக்கு எதிரே நின்றது. வாழைத்தார் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பிடித்து, எப்படியோ ஏற்றினோம். "மூட்டையாட்ட ஏத்தறீங்களே என்னைய" என்றார். உட்கார்ந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அண்ணன் வீடு நெருங்கியதும், "கண்ணாடியை எறக்கு" என்றார். இறக்கினேன். கல்லுக்கு மேல் வண்டி போகும்போது அத்தனை உயரத்தில் இருந்து அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே போனார். விழுந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்க்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

டாக்டர் பாதத்தைத் தட்டினார், ஊசியால் தொட்டார், விரலை மடக்கினார். "ஏம்மா இத்தனை நாள் வரல?" என்றார். "வண்டி வரலீங்க" என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே நன்றாக இல்லை. அவர் திட்டவில்லை. பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை எழுதிக் கொடுத்தார், அதை ஷூவுக்குள் போட்டுக்கொண்டுதான் இனி நடக்க வேண்டும் என்றார். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். "இனிமே அது கூடவே இருக்கட்டும்மா" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வண்டியில் திரும்பினோம். அத்தனை நல்ல சஸ்பென்ஷன், ஒரு குலுக்கல் இல்லை.

மறுநாள் காலையில் ஊருக்குள் வேலை செய்துகொண்டிருந்த பொக்லைனைக் கையோடு கூட்டி வந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலில் இருந்தவருக்குச் சத்தம் கேட்டிருக்கும். "அதைத் தொடாதே, ஒத்துக்கிட்ட மாதிரி..." என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது. "தோண்டுங்க" என்றேன் ஓட்டுநரிடம். பொக்லைன் நகத்தை இறக்கி, இரண்டு தடவை அசைத்து, கல்லைப் புரட்டியது. மேலே தெரிந்தது ஒரு சாண் உயரம்தான். மண்ணுக்குள் அதைப் போல் நான்கு மடங்கு இருந்தது. மண்ணும் வேருமாகப் பிடித்துக்கொண்டு வந்தது.

ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். "இது கொண்டாந்து போட்ட கல்லில்லீங்கக்கா. எப்பவோ பூமிக்குள்ள இருந்தது. ஏதோ ஒரு மழையில மேல் மண்ணு கரைஞ்சு தலையைக் காட்டியிருக்குது. இதையா சுத்திச் சுத்திப் போயிட்டிருந்தீங்க?"

அண்ணன் வாசலில் இருந்து இறங்கி வந்திருந்தார். குழியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"இது நீங்க போட்டதில்லையா அம்மணி? எந்தம்பி போட்ட கல்லுன்னுதான் நாங்க கை வெக்கல. எடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு."

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. கல் புரண்டு கிடந்த இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கால் மணி நேர வேலை. மொத்தமாகக் கால் மணி நேரம்.

"தம்பிக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பேச்சு நிற்பதற்கு முன்னால் நடந்த சண்டையில்கூட, "வாங்க, போங்க" என்றுதான் சண்டை போட்டேன். அன்றைக்கு என் வாயில் அது வரவில்லை.

"எடது கால் போயிருச்சு" என்றேன். "இனி எந்த வண்டி வாங்கினாலும் வராது. கட்டில்ல தூக்கிட்டுப் போறப்ப நீ வாசல்ல நின்னு பாத்தியே, அன்னிக்கு எறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? நீ கேக்கல. அவரு கேக்கல. நானும் கேக்காம, டேப்பை எடுத்துட்டு ஊரைச் சுத்தினேன்."

அவர் முகம் ஒரு கணம் இறுகியது. நீ என்று சொன்னதற்காகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி எங்கள் வீட்டுப் பக்கமாக இட்டேரியில் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போகவில்லை.